நூற்றெட்டுச் சங்கும் ஒரு குவளைச் சுக்குத்தண்ணியும்

நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் அந்த விஷயம் பேச்சில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், அன்றைக்கே தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே என்பார்கள். முடிந்திருக்கும்தான். எது முடிந்திருக்கும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

எனக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷம் என் கணவருக்குத் தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரர் பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஊரில் சுதேசிப் பேச்சு அடங்கியும் அடங்காமலும் இருந்த காலம். நாங்கள் இரண்டு வீட்டாரும் திருநெல்வேலிச் சைவர்கள். தாமிரபரணித் தண்ணீர், ஆற்றுப் பாசன நெல், விடிந்தால் திருநீறு, வருஷம் முழுக்க ஏதாவது ஒரு விரதம் என்று இருந்தவர்கள். எங்கள் ஆறு போய்ச் சேருகிற கடல் ஒரு பகல் வண்டிப் பயணத்தில்தான் இருந்தது. ஆனாலும் இருபத்திரண்டு வயதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. என் மாமியார் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினதும் இல்லை.

புறப்படும்போது மாமியார் எனக்கு மூன்று புத்தி சொன்னார். சைவர் தெருக் கிணற்றில் மட்டும் தண்ணீர் எடுக்க வேண்டும். மீன் சந்தைப் பக்கம் காய்கறி வாங்கக் கூடாது. கடற்கரைப் பக்கமே போகக் கூடாது, அந்தக் காற்று பட்டாலே சேலையில் வாடை ஏறிவிடும். மூன்றுக்கும் தலையாட்டினேன். அதில் முதல் இரண்டைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தேன்.

மூன்றாவதை முதல் ஞாயிற்றுக்கிழமையே விட்டுவிட்டேன். கப்பல் காட்டுகிறேன் என்று என் கணவரே கூட்டிக்கொண்டு போனார். கப்பல் என்றால் வில்வண்டி மாதிரி வாசலில் வந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். அதுவோ ஆழம் போதாமல் மைல் கணக்கில் தள்ளி, ஒரு தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தது. பஞ்சு மூட்டையைத் தோணியில் ஏற்றிக்கொண்டு அதுவரை போக வேண்டுமாம். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று சடைத்துக்கொண்டு திரும்பினேன். கோபத்தில் நான் முன்னால் நடக்க, பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு சந்தில் வழி மாறிவிட்டது. அந்தச் சந்து முடிந்த இடத்தில் ஓர் ஊர் இருந்தது.

ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கரை நெடுக மீன்பிடிக்கிறவர்களின் ஊர்கள் தனித்தனியாக இருந்தனவாம், நடுவில் வெறும் மணல் மட்டும். பிறகு சுங்கச்சாவடி வந்தது, கிட்டங்கி வந்தது, பருத்தி அரைக்கிற ஆலை வந்தது. ஒவ்வொன்றாக வந்து கரையில் உட்கார்ந்துகொண்டதில் கடலைப் பார்த்த வாசலெல்லாம் கம்பெனிச் சுவரைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஆண்களில் பாதிப் பேர் வலையை விட்டுவிட்டு மூட்டை ஏற்றப் போனார்கள். ஆனால் யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. பட்டணம்தான் அவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பிடிவாதம் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

அழகாகவும் இருந்தது. அதையும் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டுச் சுவரெல்லாம் கடலில் எடுத்த முருகைக்கல். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூப்பூவாகத் தெரியும். வலை உலர்த்த நட்ட கம்புகளில் இப்போது சேலைகள் காய்ந்தன. கவிழ்த்துப் போட்ட பழைய தோணி ஒன்று ஆட்டுக்கொட்டிலாகியிருந்தது. ஜன்னல் கதவுகளுக்கு மிச்சமான தோணிச் சாயத்தைப் பூசியிருந்ததால் ஒரு வீடு நீலம், ஒரு வீடு பச்சை. எங்கள் தெருவில் பெண்கள் கோலம் போட வாசலுக்கு வந்து, போட்டதும் உள்ளே போய்விடுவார்கள். இங்கே பெண்கள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டுமே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் தோணிக்காரர்கள் இருந்த இடம், ஒரு வாரம் மாதா கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த வீடுகள். என் கணவருக்கு உள்ளூரப் பயம். கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஆனால் வராமல் இருக்கமாட்டார்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, கடைசியில் இருந்த தெருவுக்குப் போனோம். அங்கே வீசின நாற்றத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. மீன் வாடை அதற்குப் பக்கத்தில் மல்லிகைப்பூ. என் கணவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பலாம் என்றார். எது இப்படி நாறுகிறது என்று தெரியாமல் வரமாட்டேன் என்றேன். ஒரு வேலிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்ணைத் தோண்டிக் குவியல் குவியலாகச் சங்கு புதைத்திருந்தார்கள். ஓர் அம்மாள் இரும்புக் கொக்கியால் ஒரு சங்குக்குள்ளிருந்து அழுகின சதையை இழுத்துக்கொண்டிருந்தார்.

என் மாமியார் வீட்டில் அப்படிப்பட்டவரை 'அவள்' என்பார்கள். நான் அந்த அம்மாள் என்றுதான் எழுதுவேன்.

எனக்கு அப்போது தலை சுற்றினது நாற்றத்தால் மட்டுமில்லை. சங்குக்குள் சதை இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. சங்கு கடலில் வெறுமையாகக் கிடக்கும், அலை கொண்டுவந்து போடும், பக்திமான்கள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முட்டை தொட்டால் குளிக்கிற வீட்டில் பூஜை மாடத்தில் சங்கு. கார்த்திகைச் சோமவாரத்தில் சுவாமிக்குச் சங்காபிஷேகம். பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கில். பிறந்ததிலிருந்து வாயில் வைத்த பொருள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அவருடைய வீட்டுக்காரர் சங்கு எடுக்கக் கடலில் மூழ்குகிறவர். எடுத்த சங்கெல்லாம் குத்தகைக்காரருடைய கிட்டங்கிக்குப் போய்விட வேண்டும். சதை எடுத்துக் கழுவி, வெயிலில் வைத்துத் தரம் பிரிக்கிறது அந்தத் தெருப் பெண்களின் வேலை. இதெல்லாம் நான் கேட்கக் கேட்கச் சொன்னார். தங்கள் முன்னோர் கொற்கையில் இருந்தவர்கள், கடல் அங்கிருந்து விலகினபோது கடலோடு கூடவே வந்துவிட்டவர்கள் என்றும் சொன்னார். தெரு அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான். போன மாதம் ஒரு துரைசானி குடையும் முக்காலியுமாக வந்து நீல ஜன்னலைப் படம் எழுதிக்கொண்டு போனதாகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டுப் போறவங்க நெறைய வாறாங்க ஆச்சி. உக்காந்துட்டுப் போறவங்கதான் இல்ல."

இருபத்திரண்டு வயதில் என்னை ஆச்சி என்றார். சைவர் வீட்டுப் பெண் என்பதற்காகக் கொடுத்த மரியாதை அது. அந்த மரியாதையும் எனக்குச் சுருக்கென்றது, சொன்ன வார்த்தையும் சுருக்கென்றது. வேலிக்குள் போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். என் கணவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனார். எங்களுக்கு என்ன தருவது என்று அவருக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் சுக்குத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். புதிதாக விளக்கின இரண்டு பித்தளைக் குவளைகள். நீட்டவில்லை. எட்டின தூரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். குடிக்கமாட்டோம் என்று தெரிந்தேதான் வைத்தார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. எடுத்துக் குடித்தேன். கருப்பட்டியோடு மிளகும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டிருந்தார். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் அது மணத்தது. என் கணவர் ஒரு குவளை குடித்து, இன்னொன்று கேட்டும் குடித்தார். நான் பக்குவம் கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. கார்த்திகையில் ஒரு சோமவாரத்து அபிஷேகம் எங்கள் வீட்டுக் கட்டளை, செலவெல்லாம் எங்களுடையது. கோயிலில் இருந்த பழைய சங்குகள் மூளியாகிவிட்டதால் நூற்றெட்டும் புதிதாக வேண்டும். தூத்துக்குடியில் நல்ல சங்கு கிடைக்குமே, சைவர் கடையில் பார்த்து வாங்கி வரவும் என்று எழுதி, சைவர் கடையில் என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தார். பெரிய கடைத்தெருவில் இருந்த சைவர் கடைக்குத்தான் முதலில் போனோம். அவர் புழு அரித்த சங்கைக் காட்டினார். எல்லாம் அந்தத் தெருவில் கழுவி வருகிறதுதானே அண்ணாச்சி, நேரே போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் சங்கு சைவமாகிவிடும் என்று அவர்கூட நம்பவில்லை.

கோயில் காரியம் என்று குத்தகைக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கினோம். அந்த அம்மாள்தான் ஒவ்வொரு சங்காக எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, நகத்தால் வாயோரம் தடவிப் பார்த்துப் பொறுக்கினார். நூற்றெட்டையும் தன் வீட்டு முற்றத்தில் மணல் போட்டுத் தேய்த்து, மழை இல்லாத நேரமாகப் பார்த்துப் பார்த்து ஒரு மாதம் வெயிலில் வைத்தார். சுவாமிக்குப் போகிறது என்று அந்த ஒரு மாதமும் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடவில்லை. அவர் வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர். எங்கள் சுவாமிக்காகத் தன் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று எங்கள் தெருவில் மாமியாருக்குத் தூரத்து உறவான ஒரு பெரியம்மா கேட்டார். நான் ஒளிக்கவில்லை. உட்கார்ந்ததையும் சொன்னேன், குடித்ததையும் சொன்னேன். என் கணவர் குடித்ததை மட்டும் சொல்லவில்லை. அதை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெரியம்மா எழுதின கடிதம் எங்களுக்கு முன்னால் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அபிஷேகத்துக்கு முந்தின நாள் மணியாச்சியில் ரயில் மாறி, மத்தியானம் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். வண்டிக்காரர் சங்குப் பெட்டியை இறக்கினார். மாமியார் வாசலுக்கு வந்தார்.

"பெட்டியைப் பைய உள்ள கொண்டு வைங்க. நீ அங்கனயே நில்லு."

பெட்டி உள்ளே போயிற்று. அதற்கு ஆரத்தி எடுத்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பெட்டிக்குப் பின்னாலேயே உள்ளே போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

என்னைப் பக்கவாட்டு வழியாகப் பின்கட்டுக்கு வரச் சொன்னார்கள். மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மாமனார் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி நடையில் உட்கார்ந்தார். அவர் என்னிடம் நேரே பேசுவதில்லை. மருமகளிடம் பேச வேண்டியதை மாமியாரிடம் சொல்லுவார், அல்லது சுவரைப் பார்த்துச் சொல்லுவார். அந்த வீட்டில் கை நனைத்தது உண்டா என்று மாமியார் கேட்டார். உண்டு, சுக்குத்தண்ணி, நன்றாக இருந்தது என்றேன். ஆற்றில் முழுகிவிட்டு வந்து, பஞ்சகவ்யம் குடித்து, பெரியவர்கள் முன்னால் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுக்களைக்குள் வரலாம், நாளைக்கு மற்றப் பெண்களோடு சேர்ந்து சங்கு துடைக்கலாம் என்று மாமனார் சுவரிடம் சொன்னார். இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்குப் பின்கட்டுதான்.

நான் அவரிடம் நேரே பேசினேன். அந்த வீட்டில் எந்த மருமகளும் செய்யாத காரியம்.

"அந்தச் சங்கெல்லாம் அந்த வீட்டு முத்தத்துல ஒரு மாசம் இருந்துச்சு மாமா. நான் இருந்தது நாலஞ்சு சாயங்காலம். பஞ்சகவ்யம் குடுக்கதுன்னா அதுக்கெல்லாம் முதல்ல குடுங்க. மிச்சம் இருந்தா நான் குடிக்கேன்."

மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். மாமனார் சுவரைப் பார்த்தபடியே, சங்குக்கு ஏது தீட்டு, அது கடலில் கிடக்கிற கல் மாதிரி என்றார். கல் இல்லை என்றேன். அது உயிரோடு வருகிறது, உள்ளே சதை இருக்கும், மண்ணில் புதைத்து அழுகவிட்டுக் கொக்கி போட்டு இழுக்கிறார்கள், அதே கைதான் எனக்குச் சுக்குத்தண்ணி தந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாற்றத்தையும் விடவில்லை.

"சதையா?" என்றார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷமாகத் தினமும் சங்கில் தீர்த்தம் எடுத்தவர். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது.

உள்ளே போய் வெகுநேரம் மாமியாரோடு பேசினார். விடிந்தால் அபிஷேக நாள். வேறு நூற்றெட்டுக்கு எங்கே போவது? விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் திரும்பி வந்தார். தப்பு என்று சொல்ல வேண்டாமாம், பஞ்சகவ்யமும் வேண்டாமாம். யார் கேட்டாலும் சங்கு பெரிய கடைத்தெருவில் வாங்கினது, நான் எங்கும் போகவில்லை என்று சொன்னால் போதும், இப்போதே அடுக்களைக்குள் வரலாம். ஒரு மாதம் பிள்ளைகளை அதட்டின அந்த அம்மாளை இல்லை என்று சொல்லச் சொன்னார்கள்.

"அப்பம் நான் இங்கனயே இருக்கேன் அத்தை" என்றேன். எனக்குச் சோறு தொழுவத்துப் பக்கம் வாழையிலையில் வந்தது. பசித்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் நெல் பரப்பி, அதன்மேல் நூற்றெட்டையும் வரிசையாக வைத்து, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பூ போட்டார்கள். அவ்வளவு வெள்ளையான சங்கை அந்தக் கோயில் பார்த்ததில்லை. கூட்டம் தாங்கவில்லை. அபிஷேகம் முடிந்து தீபாராதனையும் ஆன பிறகு, பிராகாரத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மாமியாரைக் கேட்டார்கள். மாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சினார். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

கடையில் வாங்கவில்லை என்று சொன்னேன். தூத்துக்குடியில் கடலோரத்தில் ஒரு வேதக்கார அம்மாள் பொறுக்கி எடுத்துத் தன் வீட்டு முற்றத்தில் கழுவிக் கொடுத்தது. அங்கே உட்கார்ந்து சுக்குத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஒருத்தி நாலடி தள்ளிப் போனாள். அப்போது ஆண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் கணவர் குரல் கேட்டது.

"நானும் குடிச்சேன். ரெண்டு குவளை."

சுவாமியை அதற்குள் குளிப்பாட்டியாகிவிட்டது. யாரால் என்ன செய்ய முடியும்? அன்றைக்குப் பின்கட்டில் இரண்டு இலை போட்டார்கள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாடு எங்களைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. நேற்றே பேசியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

பொங்கலுக்குப் போனபோதும் பின்கட்டுதான். ஒரு கல்யாணத்துக்குப் போனபோதும் அப்படியே. தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அந்தத் தெருவுக்குப் போவது நிற்கவில்லை. முன்பு சந்து வழியாகப் போவோம். இப்போது சைவர் தெரு வழியாகவே, வெளிச்சத்திலேயே போனோம்.

மறுவருஷம் ஐப்பசியில் மாமனாரிடமிருந்து கடிதம். சங்குகளில் பன்னிரண்டை வேறொரு கோயிலுக்குக் கொடுத்துவிட்டதால் பன்னிரண்டு வேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சைவர் கடையில் என்ற வார்த்தை இல்லை. எந்தக் கடை என்றும் இல்லை. பதிலை நான் எழுதினேன். அதே வீட்டு முற்றத்தில் கழுவி வைத்திருக்கிறது, கார்த்திகைக்கு முன்னால் கொண்டுவருகிறோம், நீங்களும் ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று எழுதினேன்.

அவர் வரவில்லை. பன்னிரண்டு சங்கோடு நாங்கள் போனோம். இந்தத் தடவை பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனேன். நில் என்று யாரும் சொல்லவில்லை. பூஜை மாடத்தில் பெட்டியை வைத்துவிட்டு நேரே அடுக்களைக்குள் போனேன். மாமியார் அடுப்பண்டை இருந்தார். ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். சுக்கையும் மிளகையும் கொத்தமல்லியையும் தட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு குவளையில் ஊற்றி நடைக்குக் கொண்டுபோய் மாமனாருக்கு எட்டின தூரத்தில் வைத்தேன். இது அந்த அம்மாள் வீட்டுப் பக்குவம் என்று சொல்லித்தான் வைத்தேன்.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு குவளையைக் கையில் எடுத்து, ஆறும்வரை வைத்திருந்து, முழுக்கக் குடித்தார்.